பௌர்ணமி, மாலை நாலு மணி

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் என்னை ஒரு மணி நேரம் பேசவைத்தீர்கள். பேசி முடித்துப் படியிறங்கும்போது உங்களில் ஒருவர் பின்னாலேயே வந்து கேட்டார்: "சார், நாங்க கூட்டம் போட்டா யாருமே வரமாட்டேங்குறாங்க. இந்த ஜனங்களுக்கு அக்கறையே கிடையாது. என்னதான் சார் பண்றது?" அன்றைக்கு வெயில் வேறு, எனக்குச் சாப்பாட்டு நேரம் வேறு. ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு ஜங்லிகாட்டுக்கு ஆட்டோ பிடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தத் தம்பி மேல் இல்லை. அதே வாக்கியத்தை, அதே எரிச்சலோடு, நாற்பது வருடங்களுக்கு முன்னால் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் அந்தக் கேள்விக்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது, கேட்டது நீங்கள்தான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில், இந்தத் தீவுகளின் வடக்கே மாயாபந்தரில் நான் கிராம சேவக். காடு வெட்டிக் குடியேற்றிய ஊர்களுக்கு அப்போதுதான் பஞ்சாயத்து வந்திருந்தது. ஊர் ஜனங்களை உட்காரவைத்து, என்ன வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, அதைத் தீர்மானமாக எழுதி நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் இப்போது 'மக்கள் பங்கேற்பு' என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறீர்களே, அதை அன்றைக்கு ஒரு சைக்கிள்கூட இல்லாமல் செய்தோம். செய்தோம் என்றா சொன்னேன்? செய்ததாக எழுதினோம்.

முதல் வருடம் நான் பண்ணிய காரியத்தைக் கேளுங்கள். ஊர் ஊராகப் போவதற்குள் அட்டைக்கடியில் கால் ரணமாகிவிடும். அதனால் தீர்மானங்களை அலுவலகத்திலேயே எழுதி எடுத்துப்போய், போன இடத்தில் கைநாட்டு மட்டும் வாங்கி வருவேன். ஒரு ஊருக்குக் கிணறு வேண்டும் என்று ஒரு தாள்; இன்னொரு ஊருக்குக் கிணறு வெட்டித் தந்ததற்கு நன்றி என்று ஒரு தாள். இரண்டும் மாறிப்போய்விட்டன. கிணறே இல்லாத ஊர் மொத்தமும் கிணற்றுக்கு நன்றி சொல்லிக் கட்டைவிரல் வைத்தது. 'தங்கள் நன்றி மகிழ்ச்சியுடன் பெறப்பட்டது' என்று மேலேயிருந்து பதிலும் வந்தது. அதை நான் அந்த ஊரில் உரக்க வாசித்துக் காட்டினேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சர்க்கார் காகிதம் அப்படித்தான் இருக்கும் போல என்று எழுந்து போய்விட்டார்கள். அந்த ஊருக்குக் கிணறு வாங்கித் தருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அதற்குப் பிறகு திருந்தினேன். இனிமேல் நிஜமான கூட்டம், நிஜமான பேச்சு, வருகைப் பதிவேடு, எல்லாம் ஒழுங்காக என்று முடிவெடுத்தேன். நான் திருந்தியதில் வந்த வினைதான் நான் சொல்லப்போவது.

ஒரு ஊர். பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மாயாபந்தரிலிருந்து லாஞ்சில், அதாவது மோட்டார் படகில், மூன்று மணி நேரம். ஊரை ஒரு உப்பங்கழி இரண்டாகப் பிளந்திருந்தது. இந்தக் கரையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து நெல்வயல் பெற்ற குடும்பங்கள். பள்ளிக்கூடம், ரேஷன், கடை எல்லாம் இந்தக் கரையில்தான். அந்தக் கரையில் மரம் வெட்ட வந்து அப்படியே தங்கிவிட்ட ராஞ்சிக்காரர்களும், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஏழெட்டு மீன்பிடிக் குடும்பங்களும் இருந்தார்கள். இரண்டு கரைக்கும் சேர்த்து ஒரே பஞ்சாயத்து. தலைவரைப் பிரதான் என்பார்கள். அப்போதைய பிரதான் ஹரிபதா, இந்தக் கரையில் பருப்பும் மண்ணெண்ணெயும் விற்கிற கடைக்காரர்.

கூட்டத்துக்கு நேரம் வைக்க நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். பகலில் எல்லோருக்கும் வயல் வேலை. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடையாது, வழியெல்லாம் பாம்பு. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்: ஒவ்வொரு பௌர்ணமியன்றும் மாலை நாலு மணி. வெயில் தாழ்ந்திருக்கும். பேசி முடித்து எழுந்தால் நிலா வந்திருக்கும். தேதி ஞாபகம் வைக்கக் காலண்டர்கூட வேண்டாம், வானத்தைப் பார்த்தால் போதும். எங்கள் பிளாக் அதிகாரி, பி.டி.ஓ. சாப் என்போம், வடக்கத்திக்காரர், லேசில் யாரையும் பாராட்டாதவர், அவரே "நல்ல மூளை" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இரண்டு வருடம் அப்படியே நடந்தது. இந்தக் கரை ஆட்கள் வந்தார்கள். அந்தக் கரையிலிருந்து ஒரு குஞ்சுகூட வரவில்லை. பதிவேட்டில் மாதா மாதம் எழுதினேன்: 'அக்கரைவாசிகள் வரவில்லை. பொதுக்காரியங்களில் அக்கறை இல்லை.' இடையில் காலை நேரங்களில் டோங்கியில், அதாவது அந்த ஊர்ச் சிறுபடகில், அக்கரைக்குப் போய்த் திட்டிவிட்டும் வருவேன். அங்கே சூசையம்மா என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும். வலை பின்னுவது, கருவாடு போடுவது, பிரசவம் பார்ப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர்தான். நான் கத்துவதையெல்லாம் கேட்டுவிட்டு, பொரித்த மீனை இலையில் வைத்துத் தருவார். "வர முடிஞ்சா வருவோம் சார்" என்பார். சாக்குச் சொல்கிறார் என்று நினைத்து மீனைத் தின்றுவிட்டு வருவேன்.

இந்த நிலையில்தான் ஜெட்டி, அதாவது லாஞ்ச் வந்து அணையும் படகுத்துறை, பற்றிய பேச்சு வந்தது. அதுவரை லாஞ்ச் கழியின் வாய்க்கு வெளியே நிற்கும், டோங்கியில் போய் ஏற வேண்டும். கழியின் வாயில், ஆழம் உள்ள இடத்தில் கட்ட, அந்தப் பகுதிக்கு ஒரே ஒரு மரஜெட்டி அனுமதி ஆனது. எந்தக் கரையில் வேண்டும் என்று ஊர் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். மார்ச்சுக்குள் காகிதம் முடியாவிட்டால் அனுமதி வேறு ஊருக்குப் போய்விடும். பௌர்ணமியன்று நாலு மணிக்குக் கூட்டம் கூட்டினேன். இந்தக் கரையில், ஹரிபதாவின் கடைக்குப் பக்கத்தில் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. ஏகமனதாக என்பதை நானே அழகான எழுத்தில் எழுதினேன்.

அடுத்த பௌர்ணமியன்று இடம் அளக்க ஒரு இளம் இன்ஜினியர் வந்தார். காலையில் கழி தளும்பிக்கொண்டிருந்தது. ஆழம் பார்க்க அக்கரைக்கும் போக வேண்டும் என்றார், போனோம். அளந்து முடிக்கவே மதியம் ஆகிவிட்டது. சூசையம்மா நண்டுக் குழம்பு வைத்திருந்தார். இன்ஜினியர் மெயின்லேண்டை விட்டு வந்து ஆறு மாதமாகக் கேன்டீன் சோறு தின்றவர். இலையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். சாப்பிட்டவர் அப்படியே தென்னைமர நிழலில் தூங்கியும்விட்டார். மூன்றரைக்கு அவரை உலுக்கி எழுப்பிவிட்டு, கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதே என்று நான் கரைக்கு ஓடினேன்.

கழியைக் காணோம். நிஜமாகவே காணோம். எங்கள் டோங்கி சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கறுப்புச் சேறு, அலையாத்தி வேர்கள், நடுவில் ஒரு ஓடை அளவுக்குத் தண்ணீர். நான் ராமநாதபுரம் ஜில்லாவில் கடலே தெரியாத உட்பகுதி ஊரில் பிறந்தவன். கடல் ஏறும் இறங்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், இவ்வளவு இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"இது எப்பம்மா ஆச்சு?" என்றேன்.

"பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் இப்படித்தான் சார்" என்றார் சூசையம்மா. "காலையில பத்து மணிக்கு நெறஞ்சு கெடக்கும். சாயந்தரம் நாலு மணிக்குப் பூராவும் வத்திரும்."

"எல்லா மாசமுமா?"

"பின்ன, கடலுக்கு லீவா குடுக்காங்க?"

எனக்கு வீம்பு. நடந்தே போகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நாலாவது எட்டில் தொடை வரை போய்விட்டது. இரண்டு ராஞ்சி ஆட்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். நான் வந்துவிட்டேன், ஒரு செருப்பு வரவில்லை. கரையில் உட்கார்ந்து சேற்றை வழித்துப் போட்டபடி நிமிர்ந்து பார்த்தால், எதிர்க்கரையில் பள்ளிக்கூட மரத்தடியில் என்னுடைய கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஹரிபதா எழுந்து நின்று பேசுவது தெரிந்தது. கத்திப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்.

சூசையம்மா கால் கழுவ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எதிர்க்கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன சார், நீங்களும் வரலியா?" என்றார்.

கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அவமானத்தில் காது மடல் எரிந்தது. அவமானம் வந்தால் எதிராளி மேல் பாய்வது சர்க்கார்க்காரனின் பழக்கம். "ஏம்மா, ரெண்டு வருஷமா இதை ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "இந்தத் தீவுல சர்க்கார் வேலை பாக்கவருக்குத் தண்ணி வத்துறது தெரியாதுன்னு நாங்க நெனைக்கலியே சார். தெரிஞ்சுதான் அந்த டைம் வச்சிருக்கியன்னு நெனச்சோம். எங்கள வேண்டாம்னு."

தம்பிகளே, தங்கைகளே, முப்பத்து மூன்று வருட சர்வீசில் மெமோ வாங்கியிருக்கிறேன், ஒரு தரம் அடி வாங்கவும் இருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் போல எதுவும் என்னைச் சுடவில்லை. அவர்களுக்கு வசதி செய்கிறேன் என்று நான் தேர்ந்தெடுத்த நேரம், மாதத்திலேயே அவர்கள் வரவே முடியாத நேரம். இரண்டு வருடம், ஒரு மாதம்கூடத் தவறாமல்.

தண்ணீர் ஏற ராத்திரி ஆகும் என்பதால் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் புஷ்பத்தைப் பற்றிச் சொன்னார். புஷ்பம் அவருடைய மருமகள். மகன் மரம் வெட்டும் முகாமில் வேலை. போன வருடம் புஷ்பத்துக்குத் தலைப்பிரசவத்தில் பிள்ளை குறுக்கே கிடந்திருக்கிறது. தன்னால் முடியாது, மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்று சூசையம்மாவுக்கே தெரிந்துவிட்டது. அன்றைக்குத் தண்ணீர் வற்றியிருந்தது. எதிர்க்கரைக்குப் போனால் போதும், அங்கிருந்து வண்டிப்பாதை இருக்கிறது, லாஞ்ச் நிற்கும் துறைக்குப் போய்விடலாம். ஆறு மணி நேரம் கரையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டு கடல் ஏறக் காத்திருந்தார்கள். பிள்ளை தங்கவில்லை. புஷ்பம் பிழைத்தது பெரிய காரியம்.

"இப்ப மறுபடி ஆறு மாசம் சார்" என்றார். "ஜெட்டி வருதுன்னு சொன்னாவ. எங்க கரையில வந்தா எந்நேரமும் லாஞ்சுல ஏத்திரலாம்லா. அளக்க வந்திருக்கியன்னுதான் நண்டு வாங்கிக் கொழம்பு வச்சேன்."

ஜெட்டி எங்கே என்று ஏற்கனவே ஏகமனதாக முடிவாகிவிட்டது என்பதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குழம்பு வயிற்றில் இருக்கும்போதே சொன்னேன்.

மறுநாள் ஹரிபதாவிடம் போனேன். நாலு மணிக்குத் தண்ணீர் வற்றும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "மாலூம் ஹை, சேவக்ஜி" என்றார், தெரியும் என்று. பிறகு தராசைத் துடைத்துக்கொண்டே தீவு ஹிந்தியில் சொன்னார்: "டைம் வச்சது நீங்க. சர்க்கார் வச்ச டைமை மாத்த நான் யாரு?" சொல்லிவிட்டுச் சிரித்தார். ஜெட்டி அங்கே வந்தால் லாஞ்சிலிருந்து இறங்குகிறவன் முதலில் மிதிப்பது அவர் கடை வாசலைத்தான். அதை நான் சொன்னேன். "வியாபாரிக்கு அந்த ஆசைகூட இருக்கக்கூடாதா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

பி.டி.ஓ. சாப்பிடம் போய் உண்மையைச் சொன்னேன். என் தீர்மானம் செல்லாது, பாதி ஊர் வரவே முடியாத நேரத்தில் போட்டது, மறுபடி கூட்டம் போட வேண்டும் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏகமனதாக என்று எழுதியது யார்?"

"நான்தான் சார்."

"இப்போது இல்லை என்பது யார்?"

"நான்தான் சார்."

"ஊர் சண்டை போட்டு மார்ச் தாண்டினால் இரண்டு கரைக்கும் ஜெட்டி கிடையாது. அந்தப் பழியையும் நீயே எடுத்துக்கொள்வாயா?"

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பேசாமல் இருந்தால் ஒரு கரைக்காவது ஜெட்டி நிச்சயம். வாயைத் திறந்தால் ஒன்றும் இல்லாமல் போகலாம், என் வேலையும் போகலாம். வீட்டில் எனக்கு அப்போது கைக்குழந்தை. எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பழைய பதிவேட்டில் 'அக்கறை இல்லை' என்று எழுதியிருப்பதையாவது அடித்துவிட அனுமதி கேட்டேன். எழுதிய பதிவேட்டில் கை வைக்கக்கூடாது என்றார். புதுக் கூட்டத்துக்கு மட்டும் தலையசைத்தார்.

பௌர்ணமிக்குக் காத்திருந்தால் மார்ச் போய்விடும். அமாவாசைக்கும் தண்ணீர்க் கணக்கு அதேதான். அமாவாசையன்று காலை பத்து மணி என்று இரண்டு கரைக்கும் நானே போய்ச் சொன்னேன். இந்த முறை சொன்னதோடு விடாமல், அந்த நேரம் தோதுப்படுமா என்றும் கேட்டேன். அந்தக் கேள்வியை அதுவரை நான் யாரிடமும் கேட்டதே இல்லை.

அக்கரையிலிருந்து ஒன்பது டோங்கிகள் வந்தன. பெண்கள், கிழவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு புஷ்பமும் வந்திருந்தாள். "நீ எதுக்கு வந்தே?" என்று நான் அதட்டியதற்கு, "கை தூக்கத்தான் சார்" என்றாள். எனக்கு ஒரே உற்சாகம். உண்மை தெரிந்தால் இந்தக் கரையும் மனம் மாறிவிடும், ஜெட்டி அங்கேதான் என்று மனத்துக்குள் திறப்பு விழாவே நடத்திவிட்டேன்.

ஹரிபதா கூட்டத்தைத் தொடங்கினார். பழைய தீர்மானங்கள் எல்லாவற்றையும் வாசித்தார். பள்ளிப் பிள்ளைகளைப் பாடவைத்தார். புள்ளிமான்கள் வயலில் இறங்கி நெல்லைத் தின்கின்றன என்று ஒருவர் எழுந்தார். மான் பிரச்சினை ஒரு மணி நேரம் போயிற்று. பன்னிரண்டரைக்குத்தான் எனக்கு உறைத்தது. மனிதர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அக்கரைக்காரர்கள் எழுந்தாக வேண்டும், அல்லது மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் போன பிறகு ஜெட்டியை எடுப்பார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கியிருப்பேன். பிடுங்கினால் கூட்டம் மறுபடி என்னுடையது ஆகிவிடும்; இவர்கள் மறுபடி கைநாட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சூசையம்மாவிடம் போய்க் குனிந்து, "தண்ணி எறங்குதும்மா" என்றேன்.

"தெரியுது சார்" என்றார். "எறங்கட்டும். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் வந்திருக்கோம். பேசிட்டுத்தான் போவோம்."

ஒருவரும் எழவில்லை. டோங்கிகள் ஒவ்வொன்றாகத் தரை தட்டின. ஹரிபதா அதைப் பார்த்தார். மானைப் பற்றிப் பேச இன்னொருவர் எழுந்தபோது, "பைட்டோ" என்று அவரை உட்காரவைத்துவிட்டு ஜெட்டியை எடுத்தார்.

சூசையம்மா தனக்குத் தெரிந்த ஹிந்தியில் பேசினார். போன வருடம் நடந்ததை அப்படியே சொன்னார். அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. இந்தக் கரை ஆட்களும் பேசினார்கள். நெல் மூட்டை இங்கிருந்துதான் போகிறது, ஆள் இங்கேதான் அதிகம், ரேஷன் இங்கேதான் இறங்குகிறது என்றார்கள். எரிச்சல் என்னவென்றால் அதுவும் நியாயம்தான். கை தூக்கச் சொன்னார்கள். அக்கரைக்கு இருபத்திரண்டு கை. இக்கரைக்கு முப்பத்தெட்டு.

தோற்றுவிட்டார்கள். நான் பழி சுமந்து, நேரம் மாற்றி, எல்லோரையும் கூட்டிவந்து, அதே தீர்மானம் அதே இடத்தில் வந்து நின்றது. பேனா என் கையில் இருந்தது. 'கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதியிருக்கலாம், மனம் அப்படித்தான் சொல்லியது. கணக்கை உள்ளபடி எழுதினேன். எழுதும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. 'ஏகமனதாக' என்பதை மட்டும் எழுதவில்லை. சூசையம்மா தன் பெயரைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முடிந்தபோது மூன்றரை. ராத்திரி வரை இங்கேயே இருங்கள் என்று இந்தக் கரைப் பெண்கள் கூப்பிட்டார்கள். வீட்டில் ஆடு கட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் தனியாக இருக்கின்றன என்று அவர்கள் இறங்கிவிட்டார்கள். இந்தக் கரை ஆட்கள் மொத்தமும் வந்து நின்று பார்த்தார்கள். அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வற்றும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் வயலில் இருப்பார்கள், இல்லாவிட்டால் என் கூட்டத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஆள் நடந்து போவதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். சூசையம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொடையளவு சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தார். கிழவர்கள் கையை ஊன்றித் தவழ்ந்தார்கள்.

பாதி வழியில் புஷ்பம் நின்றுவிட்டாள். நின்றாள் என்றால், மாட்டிக்கொண்டாள். இடுப்பு வரை போய்விட்டது. அசைந்தால் இன்னும் இறங்கினாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அத்தை, அத்தை" என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் போனவர்களும் புதைந்தார்கள். நான் கரையில் நின்று, யாராவது ஏதாவது செய்யுங்கள் என்று மூன்று மொழியில் கத்தினேன். அதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

செய்தவர் ஹரிபதா. அந்தக் காலத்துக் கடைகளுக்குக் கதவு என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் செருகும் பலகைகள். "படரா லாவ்! பலகையைக் கொண்டு வா!" என்று கத்தியபடி கடைக்கு ஓடியவர் இரண்டு தோளிலும் பலகையோடு வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. சேற்றின் மேல் பலகையைப் போட்டு, அதன் மேல் படுத்து, அடுத்த பலகையைத் தள்ளி, அந்த மனிதர் தன் பெரிய தொந்தியோடு புஷ்பம் வரைக்கும் போனார். அவள் அக்குளில் கை கொடுத்து, மூன்று பேர் சேர்ந்து பிடுங்கினார்கள். பலகையின் மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் அழுதாள். ஹரிபதாவும் அழுதார். "போன வருஷமும் இப்படித்தானா? நாங்க இங்கேதானே இருந்தோம்?" என்று சூசையம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர், "ஆமா பாபு, இங்கதான் இருந்திய" என்றார்.

அந்தப் பலகைகள் திரும்பிக் கடைக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் இறங்கி, புயலில் சாய்ந்த மரங்களை அறுத்துச் சேற்றில் கம்பு நட்டு, அதன் மேல் பலகை அடிக்க ஆரம்பித்தார்கள். நடு ஓடைக்கு இரண்டு பெரிய மரத்தைக் குறுக்கே போட்டார்கள். நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், இதற்கு ஒரு தீர்மானம் போட்டுவிடலாம் என்றேன். ஹரிபதா இடுப்பளவு சேற்றில் நின்றபடி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "சேவக்ஜி, உங்க காகிதம் மாயாபந்தர் போய்த் திரும்புறதுக்குள்ள இவ பிள்ளை பெத்துடுவா. நோட்டைக் கீழே வச்சுட்டு அந்தக் கம்பைப் பிடிங்க" என்றார். பிடித்தேன். ஒன்பது நாளில் பாதை முடிந்தது. ஒன்பது நாளும் அவர் கடை கதவில்லாமல் கிடந்தது.

அந்தத் தம்பிக்குப் பதில் இதுதான்: வராதவர்களைப் பார்த்து எரிச்சல்படுவதற்கு முன்னால், நீங்கள் வைத்த நேரத்தில் அவர்கள் கரையில் போய் நின்று பாருங்கள். அப்புறம், கூட்டிவந்தால் அவர்கள் ஜெயித்துவிடுவார்கள் என்று என்னைப் போல மனக்கோட்டை கட்டாதீர்கள். ஜெயிக்கவைப்பது நம் வேலை இல்லை. நான் ஜெயிக்கவைத்திருந்தால் அக்கரையில் ஒரு ஜெட்டி வரும் என்று காகிதத்தில் இருந்திருக்கும், அந்தச் சேற்றை இந்தக் கரை ஆட்கள் கடைசி வரை பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து, தண்ணீர் நன்றாக வற்றிய ஒரு சாயங்காலம் புஷ்பத்துக்கு வலி வந்தது. மாதம் முழுதாகவில்லை. மறுபடியும் பிள்ளை குறுக்கே. கட்டிலில் வைத்துப் பலகைப் பாதையில் தூக்கிவந்தார்கள். முன்கால் இரண்டை ராஞ்சிக்காரர்கள் பிடித்திருந்தார்கள், பின்னால் ஒன்றை ஹரிபதா பிடித்திருந்தார். அங்கிருந்து வண்டியில் துறைக்குக் கொண்டுபோனார்கள், லாஞ்ச் காத்திருந்தது. மாயாபந்தர் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது, கோழிக்குஞ்சு அளவுக்கு. பிழைக்காது என்று நான் நினைத்தேன், பிழைத்துக்கொண்டது.

அப்புறம் அந்த ஜெட்டி. காகிதமெல்லாம் மார்ச்சுக்குள் சரியாகத்தான் போயிற்று. ஆனால் மரம் வரவில்லை என்றார்கள், மரம் வந்தபோது ஆணி வரவில்லை, ஆணி வந்தபோது மழை. நான் எழுதிய நினைவூட்டுக் கடிதங்களை அடுக்கினால் அதிலேயே ஒரு ஜெட்டி கட்டியிருக்கலாம். ஒருவழியாகக் கட்டி முடித்து, ரிப்பன் கட்டித் திறப்பு விழா வைத்தார்கள். அன்றைக்கும் தண்ணீர் வற்றியிருந்தது. விழா பார்க்க அக்கரையிலிருந்து எல்லோரும் பலகைப் பாதையில் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், யார் கையையும் பிடிக்காமல், புஷ்பத்தின் மகள் தன் காலால் நடந்து வந்தாள்.